புறநானூறு 267 எங்கே போனது? பிழையைச் சொல்லும் முறை பற்றி ஒரு குறிப்பு

புறநானூற்றைப் புரட்டிக்கொண்டே போனால் 266ஆம் பாட்டுக்குப் பிறகு ஒரு இடைவெளி வரும். 267, 268 என்ற எண்களுக்கு உரிய இடம் இருக்கும், பாட்டு இருக்காது. அடுத்தது 269. நானூறு என்று பெயர் வைத்த நூலில் நம் கையில் இருப்பது 398தான். அந்த 398லும் பல பாட்டுகளில் நடுவே அடிகள் சிதைந்திருக்கும். அங்கே புள்ளிகள் மட்டும் போட்டிருப்பார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஓலை அழிஞ்சு போச்சு, பாட்டு கிடைக்கலை, அவ்வளவுதான் என்று தாண்டிப் போய்விடுவார்கள். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் புள்ளிகள் வேறு மாதிரி தெரிகின்றன. அது ஒரு எர்ரர் மெசேஜ். அதுவும் இன்றைக்கு நாம் எழுதுகிற பல எர்ரர் மெசேஜ்களைவிட நல்லது. எது இல்லை, எந்த இடத்தில் இல்லை, எவ்வளவு இல்லை என்ற மூன்றையும் சத்தம் போடாமல் சொல்லிவிட்டு, மிச்சத்தைப் படிக்க விடுகிறது.

கல், ஓலை, அச்சு, கணினி என்று தமிழ் எழுத்து நாலு இடம் மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பிழை வந்தது. அதைப் படிப்பவரிடம் எப்படிச் சொன்னார்கள், அதிலிருந்து மென்பொருள் எழுதுபவர்கள் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

நாம் என்ன செய்திருப்போம்?

நானூறு பாட்டும் ஒரு டேட்டாபேஸ் அட்டவணையில் இருக்கிறது, இரண்டு வரிசைகளைப் படிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது மூன்று.

முதல் வழி, கெட்டுப்போன வரிசையைத் தாண்டிவிடுவது. பட்டியல் அழகாக 1 முதல் 398 வரை வரும். யாருக்கும் குறை தெரியாது. ஆனால் 269 என்று உரைகாரர் ஒருவர் குறிப்பிட்ட பாட்டு இப்போது 267 ஆகிவிடும். அதற்கு மேலே உள்ள அத்தனை மேற்கோளும் தப்பு.

இரண்டாவது வழி, இல்லாத இடத்தில் எதையாவது போட்டு நிரப்புவது. இதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தேதி தெரியாத கோப்புக்கு 1970 ஜனவரி 1 என்று தேதி காட்டும். யூனிக்ஸ் கணினிகள் நேரத்தை அந்த நாளிலிருந்துதான் எண்ணுகின்றன. இந்திய நேரத்தில் அது விடியற்காலை 5.30 மணி. உண்மையில் அங்கே இருப்பது வெறும் பூஜ்யம். 'தெரியாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பொய்த் தேதி உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது வழி, கடையையே மூடுவது. 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. பிறகு முயலவும்.' இரண்டு பாட்டு இல்லை என்பதற்காக மீதி 398ஐயும் காட்டாமல் விடுவது.

1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோது இந்த மூன்றில் எதையும் செய்யவில்லை. இருந்ததைக் கொடுத்தார், இல்லாததன் இடத்தைக் காலியாகக் காத்தார். மற்ற சங்க நூல்களிலும் இதே ஒழுங்குதான். ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. 131 தன் எண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. நூலைத் திறந்தால் 'இரண்டாம் பத்து' என்றே தொடங்கும்.

இணையத்தில் 404 என்ற எண் எல்லாருக்கும் தெரியும். கேட்ட பக்கம் கிடைக்கவில்லை என்று பொருள். அதே பட்டியலில் 410 என்றும் ஒன்று உண்டு. 1997இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 விதிகளில் அது இருக்கிறது. 'இங்கே இருந்தது, இப்போது இல்லை, திரும்பவும் வராது' என்பது அதன் பொருள். புறநானூறு 401 என்று யாராவது கேட்டால் அது 404. புறநானூறு 267 என்பது 410க்குப் பக்கத்தில் வரும், என்றைக்காவது ஏதோ ஒரு பரணில் ஏடு கிடைக்கலாம் என்ற நப்பாசையோடு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதைத் தேடுவது வீண். இரண்டாவதைத் தேடலாம்.

கல்லில்

ஓலைக்கு முன்னால் கல். கல் அழியாது என்று நினைக்கிறோம். கோயிலைப் பிரித்துக் கட்டினால் கல்லும் போய்விடும்.

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் திருமழபாடி இருக்கிறது. அங்குள்ள வைத்தியநாதர் கோயிலின் கருவறையைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1013இல், ஆணையிட்டான். சுவரைப் பிரிப்பதற்கு முன்னால், அதில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் அந்த ஆணையில் அடக்கம். கட்டி முடித்த பிறகு, ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடியும் வெட்டினார்கள். இடையில் பதின்மூன்று ஆண்டு. ராஜா மாறிவிட்டார், பேக்கப் மாறவில்லை. டேட்டா மைக்ரேஷன் என்று நாம் இன்று பெரிய பெயர் சொல்லிச் செய்வது இதைத்தான்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. இப்படித் திரும்ப வெட்டும்போது, இது 'பழங்கற்படி' என்று சில இடங்களில் கல்லிலேயே குறித்துவிடுவார்கள். பழைய கல்லைப் பார்த்து எடுத்த படி என்று பொருள். படிப்பவருக்கு இது எதற்கு? எழுத்தின் வடிவம் ஒரு நூற்றாண்டைச் சொல்லும், உள்ளே இருக்கும் அரசன் பெயர் அதற்கும் முந்தைய காலத்தைச் சொல்லும். குறிப்பு இல்லாவிட்டால் போலிக் கல்வெட்டு என்றுகூட ஒருவர் முடிவு கட்டலாம். ஒரே ஒரு சொல் அந்தக் குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது.

இனி 19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1886இல் ஹூல்ட்ஷ் அரசுக் கல்வெட்டாய்வாளராக வந்த பிறகு கல்வெட்டுகளை முறையாகப் படியெடுப்பது தொடங்கியது. 1890இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி வந்தது. எங்கள் திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகள் பலவற்றை அதே வரிசையின் எட்டாம் தொகுதியில் படிக்கலாம். இந்தத் தொகுதிகளையும் ஆண்டறிக்கைகளையும் புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது தானம் கொடுத்த ராஜாவின் பெயரை அல்ல, குறைகளைச் சொல்லும் முறையை.

ஐயமான எழுத்துக்குச் சதுர அடைப்பு. கல்லில் இல்லாமல், பதிப்பாசிரியர் தானே சேர்த்த எழுத்துக்கு உடுக்குறி. படிக்கவே முடியாத இடத்துக்குப் புள்ளிகள் அல்லது கோடுகள். ஆண்டறிக்கையின் குறிப்புப் பத்தியில் இன்னும் தெளிவாக இருக்கும். ஒரு கல்வெட்டைப் பற்றி 'சிதைந்தது' என்று இருக்கும். இன்னொன்றுக்கு 'கடைசிப் பகுதி கட்டடத்துக்குள் மறைந்துள்ளது' என்று இருக்கும். வேறொன்றுக்கு 'முடிவுறாதது' என்று இருக்கும்.

மூன்றிலும் படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான், பாதியில் நிற்கிற வாசகம். ஆனால் காரணம் மூன்று, அடுத்துச் செய்ய வேண்டியதும் மூன்று. சிதைந்தது என்றால், முன்பு யாராவது மைப்படி எடுத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். மறைந்தது என்றால், அந்த மண்டபத்தைத் திருப்பணிக்காகப் பிரிக்கிற நாளில் போய் நிற்க வேண்டும், மிச்சம் சுவருக்குள் பத்திரமாக இருக்கிறது. முடிவுறாதது என்றால் தேடுவதில் பலனில்லை, வெட்டியவரே அங்கே நிறுத்திவிட்டார்.

பாதியில் நின்றதற்குப் பின்னால் என்ன காரணம் என்று சொன்னால்தான் படிப்பவருக்கு அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். எர்ரர் மெசேஜ் என்பதன் வேலையே இதுதான்.

ஓலையிலும் அச்சிலும்

ஓலையில் எழுதும்போது பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே ஏட்டில் இருப்பது 'பாவை'யா 'பரவை'யா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெண்ணா கடலா என்கிற அளவுக்கு வித்தியாசம். 'செய்' என்பதும் 'சேய்' என்பதும் ஒரே மாதிரி நிற்கும். இதற்கு மேல் பூச்சி அரித்த துளைகள் வேறு.

இந்த நிலையில் பதிப்பாசிரியருக்கு ஒரு பெரிய ஆசை வரும். எனக்குத்தான் தமிழ் தெரியுமே, இங்கே 'பாவை' என்றுதான் இருந்திருக்க வேண்டும், போட்டுவிடுவோம் என்று. பத்தில் ஒன்பது முறை அது சரியாகவே இருக்கும். பத்தாவது முறை ஒரு புலவரின் சொல் நிரந்தரமாகக் காணாமல் போகும். போனதே தெரியாது.

உ.வே.சா. இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தான் தேர்ந்த பாடத்தை மேலே அச்சிட்டார். வேறு ஏடுகளில் மாறியிருந்ததை அடிக்குறிப்பில் '(பி-ம்)' என்று போட்டுக் கொடுத்தார். பிரதிபேதம் என்பதன் சுருக்கம் அது. 1887இல் வந்த சீவக சிந்தாமணி தொடங்கி அவர் பதிப்புகளில் ஏடுகளை ஒப்பிடுவது பெரிய வேலை. முடிவையும் சொல்கிறார், முடிவுக்கு வந்த வழியையும் மூடாமல் வைக்கிறார். நாளைக்கு வேறொருவர் 'இல்லைங்க, அந்தப் பாடம்தான் சரி' என்று வாதாட இடம் இருக்கிறது.

இதில் நான் கவனிக்கும் விஷயம், எதை எங்கே வைத்தார் என்பது. நூலை ரசிக்க வந்தவர் மேலே மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஆராய வந்தவர் கீழே குனிந்து பார்த்துக்கொள்ளலாம். நம்முடைய மென்பொருட்களில் இது தலைகீழாக நடக்கும். ஒன்று, சாதாரண ஆள் முகத்தில் நாற்பது வரி உள்விவரத்தைக் கொட்டுவோம். அதில் டேட்டாபேஸின் பெயர்வரைக்கும் வெளியே தெரிந்துவிடும், அது பாதுகாப்புக்கும் கேடு. இல்லையென்றால் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, சரிசெய்ய வருபவருக்கும் ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டோம். மேலே எளிய ஒரு வரி, கீழே வேண்டியவருக்கு விவரம் என்ற அடுக்கு 19ஆம் நூற்றாண்டு அச்சுத் தாளிலேயே இருக்கிறது.

இடைவெளியைக் குறித்து வைத்தால் என்ன லாபம் என்பதற்கு அவருடைய 'உதிர்ந்த மலர்கள்' என்ற கட்டுரையைப் படிக்க வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் வரிசையாக வரும் இடம் தெரியும்தானே, தொண்ணூற்றொன்பது பூ. அவருக்குக் கிடைத்த ஏடுகளில் அந்த வரிசையில் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. கடைசியில் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தன. எந்த இடத்தில் எது இல்லை என்று துல்லியமாகத் தெரிந்திருந்ததால்தான் புது ஏட்டைப் பார்த்த உடனே 'இதுதான்' என்று பிடிக்க முடிந்தது. ஊகித்து நாலு பூப் பெயரை நிரப்பியிருந்தால் தேடலே நின்று போயிருக்கும்.

அச்சுப் புத்தகத்தில் இன்னொரு நல்ல வழக்கம், 'பிழையும் திருத்தமும்' என்ற பக்கம். பழைய புத்தகங்களின் முன்னாலோ பின்னாலோ இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நாலு பத்தி. படிப்பவர் பேனாவை எடுத்துத் தன் பிரதியில் திருத்திக்கொள்வார். ஜேக்கப் நீல்சனும் ரோல்ஃப் மோலிச்சும் 1990இல் கணினித் திரைகளுக்கான சில பொது விதிகளை வகுத்தார்கள். அதில் நல்ல எர்ரர் மெசேஜ் என்பதும் ஒன்று. எளிய மொழியில் இருக்க வேண்டும், பிரச்சினை எது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும், தீர்வுக்கு வழி காட்ட வேண்டும் என்பது நீல்சன் அதற்குக் கொடுத்த விளக்கம். நம்மூர் நாலு பத்தியில் இந்த மூன்றும் இருக்கின்றன. கூடவே, பிழை படிப்பவருடையது அல்ல, அச்சிட்டவருடையது என்ற ஒப்புதலும் இருக்கிறது.

திரையில்

கணினியில் தமிழ் வந்தபோது இந்த ஒழுங்கு கொஞ்ச காலம் தவறிப்போனது.

1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒரு தனி உலகம். ஆங்கில எழுத்துக்குரிய எண்களை எடுத்து, அந்த இடத்தில் தமிழ் உருவத்தை வைப்பார்கள். எந்த எண்ணில் எந்த எழுத்து என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். உங்களிடம் அதே எழுத்துரு இல்லையென்றால் திரையில் வருவது கிறுக்கல். இதில் பெரிய சிக்கல் கிறுக்கல் அல்ல. கணினியைப் பொறுத்தவரை அங்கே பிழையே நடக்கவில்லை! அது ஏதோ ஆங்கில எழுத்துகளைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது.

இதைச் சரிசெய்யத்தான் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து திஸ்கி குறியாக்கம் உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் தரங்கள் வந்தன. யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு வந்த பிறகுதான் சாதாரண மக்களுக்கு அது கைக்கு எட்டியது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் வைத்திருந்த நூல்களை யூனிகோடுக்கு மாற்றித் தந்தது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் யார் தட்டச்சு செய்தார்கள், யார் மெய்ப்புப் பார்த்தார்கள் என்று இருக்கும். இந்தக் காலத்துப் பழங்கற்படி அது.

இன்றைக்கும் திரையில் தமிழ் உடைந்து தெரிகிறது. நாலு விதமாக உடையும், நாலும் வேறு வேறு.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால், எழுத்துக்கள் பத்திரமாக இருக்கின்றன, அவற்றைக் காட்டும் எழுத்துரு மட்டும் இல்லை என்று பொருள். எழுத்துருவை நிறுவினால் சரியாகும். கல்வெட்டுக்காரர் மொழியில் 'கட்டடத்துக்குள் மறைந்துள்ளது'.

கொம்போ காலோ ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாக நின்றால், அது ஒட்ட வேண்டிய மெய்யெழுத்து முன்னால் இல்லை என்று பொருள். வரிசை மாறியிருக்கிறது அல்லது ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. புள்ளிவட்டம் 'இங்கே ஒரு எழுத்து வந்திருக்க வேண்டும்' என்று இடத்தைக் காட்டுகிறது. கணினித் திரையில் நான் பார்த்த எர்ரர் மெசேஜ்களில் உ.வே.சா.வின் புள்ளிகளுக்கு மிக நெருங்கியது இதுதான்.

தலையில் கோடு போட்ட ஐரோப்பிய 'ஏ'யும், வியாபாரச் சின்னங்களில் வரும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், யூனிகோடு தமிழை வேறு குறியாக்கமாக நினைத்துப் படிக்கிறது என்று பொருள். ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப் 8 முறையில் மூன்று பைட்டு. அதனால் ஒன்று மூன்றாக உடைகிறது. பார்க்கச் சகிக்காது. ஆனால் உள்ளே ஒன்றும் கெடவில்லை. சரியான குறியாக்கத்தில் திரும்பப் படித்தால் முழுதாக மீட்கலாம்.

நாலாவது, வெறும் கேள்விக்குறிகள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். இதுதான் ஆபத்து. பல சமயம், தமிழை வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரு டேட்டாபேஸ் பத்தி, ஒவ்வொரு குறியையும் கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டது என்று பொருள். 'அண்ணாமலை' என்ற பெயர் யூனிகோடில் எட்டுக் குறி. 'கண்ணம்மா'வும் எட்டுக் குறி. இரண்டும் எட்டுக் கேள்விக்குறி ஆகிவிட்டால், எது யார் என்று இனி எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. அப்படி மாற்றும்போது நிரல் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்காது. 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் சொல்லும்.

உறவில் ஒரு பெரியம்மாவுக்கு ஒரு அலுவலகத்தில் கொடுத்த ரசீதில் பெயருக்குப் பதில் இப்படித்தான் வந்திருந்தது. கேட்டதற்கு, 'சிஸ்டம்ல அப்படித்தாம்மா வருது' என்றாராம் அங்கிருந்தவர். அவர் மேலும் குற்றமில்லை, அவருக்கும் திரை ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவின் கவலை வேறு. 'என் பேரு கவர்மெண்டுக்கே சந்தேகமா இருக்குதோ? இத்தினி கேள்விக்குறி போட்டிருக்கான்' என்று என்னிடம் கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிழை என்று ஒன்றைப் பார்த்தாலே, அது தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்கிற மக்களுக்குத்தான் நாம் மென்பொருள் எழுதுகிறோம்.

கேள்விக்குறிக்கும் கணினிக்கும் பழைய உறவு உண்டு. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய 'எட்' என்ற உரைத்தொகுப்பி, என்ன தப்பு நடந்தாலும் ஒரே ஒரு கேள்விக்குறியைத்தான் அச்சிடும். அன்றைக்கு வெளியீடு காகிதத்தில் மெதுவாக அடித்து வரும் டெலிடைப். பயன்படுத்தியவர்களும் அதை எழுதியவர்களின் சகாக்கள். ஒரு குறி போதும், புரிந்துகொள்வார்கள். அந்தச் சிக்கனத்துக்கு அன்று காரணம் இருந்தது. பெரியம்மா கையில் இருக்கும் ரசீதுக்கு எந்தக் காரணமும் இல்லை.

'பெயர் பொருந்தவில்லை'

ஓலையில் பாவை-பரவை குழப்பம் இருந்தது என்றேனே, அதே குழப்பம் யூனிகோடிலும் இருக்கிறது. 'ஔவையார்' என்பதன் முதல் எழுத்து ஔ, ஒரே குறி. பலர் ஒ-வும் ள-வும் சேர்த்து 'ஒளவையார்' என்று தட்டுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு ஆள். தேடினால் 'முடிவுகள் இல்லை'. சான்றிதழோடு ஒப்பிட்டால் 'பெயர் பொருந்தவில்லை'. திரையில் இரண்டு பெயரும் ஒரே மாதிரி தெரிய, பொருந்தவில்லை என்று சொன்னால் ஒரு மனிதர் என்னதான் செய்வார்?

இங்கே மூன்று மெசேஜ் எழுதிப் பார்க்கலாம்.

ஒன்று: 'தவறான உள்ளீடு.' யாருடைய தவறு, எந்த உள்ளீடு, ஒன்றும் தெரியாது.

இரண்டு: நிரல் தானாகவே ஒள-வை ஔ ஆக்கிவிட்டு, எதுவும் சொல்லாமல் போவது. தேடல் பெட்டியில் இது நல்லதுதான். ஆனால் பத்திரத்தில் பெயரை எழுதும் இடத்தில் கூடாது. 'கொள' என்று உண்மையிலேயே ள-கரம் வருகிற சொற்கள் இருக்கின்றன. ஊகித்துத் திருத்தும் பதிப்பாசிரியரின் அதே ஆபத்து.

மூன்று: 'நீங்கள் எழுதியதில் முதல் எழுத்து ஒ, ள என்று இரண்டாக இருக்கிறது. எங்கள் பதிவில் ஔ என்று ஒரே எழுத்தாக இருக்கிறது. ஔவையார் என்று மாற்றவா?' கீழே 'ஆம்', 'வேண்டாம், நான் எழுதியதே சரி' என்று இரண்டு பொத்தான்.

மூன்றாவது கொஞ்சம் நீளம்தான். ஆனால் பிழையும் திருத்தமும் பக்கத்தின் நாலு பத்தியும் அதில் இருக்கிறது. எங்கே, எது, என்னவாக இருக்கலாம் என்று சொல்கிறது. கடைசி முடிவைப் பெயருக்குச் சொந்தக்காரரிடமே விடுகிறது.

பௌர்ணமி இரவில்

எங்கள் அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர். பதினாலு கிலோமீட்டர் சுற்றில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் நடக்கும். ராத்திரி நேரத்தில் மொபைல் நெட்வொர்க் திணறும். டீக்கடையில் ஒருவர் யூபிஐயில் இருபது ரூபாய் அனுப்புவார். அவர் கணக்கில் பணம் கழிந்துவிடும். கடைக்காரரின் ஒலிப்பெட்டி வாயே திறக்காது. 'போயிடுச்சுங்க', 'வரலைங்க' என்று இருவரும் போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். திரையில் இருப்பது 'செயலாக்கத்தில் உள்ளது' என்ற ஒரு வரி.

அந்த வரி பொய்யில்லை. பணம் சேர்ந்ததா இல்லையா என்று அந்த நொடியில் செயலிக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்வது நல்ல பழக்கம்தான், புறநானூற்றின் புள்ளிகள் மாதிரி. குறை என்னவென்றால், அதோடு நின்றுவிடுகிறது.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி யூபிஐயில் ஒருவர் கணக்கிலிருந்து பணம் கழிந்து, பெறுபவர் கணக்கில் சேராவிட்டால், நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்திய பணத்துக்கு ஐந்து நாள் கெடு. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இவ்வளவு தெளிவான விதி இருக்கும்போது, திரையில் வரவேண்டிய மெசேஜ் இப்படி இருக்கலாம்: 'பணம் உங்கள் கணக்கிலிருந்து கழிந்தது. கடைக்குச் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும். இப்போது மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போகக்கூடும். இந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.'

இந்த நாலைந்து வரி இருந்தால் நடந்து களைத்து வந்த ஒருவருக்கும், விடிய விடிய அடுப்படியில் நிற்கிற இன்னொருவருக்கும் நடுவே சண்டை வராது. இருபது ரூபாய்க்காகத் திருடன் பட்டம் யாரும் வாங்க வேண்டியதில்லை. இப்போது அந்த வேலையைக் கடைக்காரர்களே செய்கிறார்கள். 'நெட்டு அப்படித்தாங்க, அப்புறம் வந்துடும், போயிட்டு வாங்க' என்று டீயைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மென்பொருள் சொல்லத் தவறியதை ஒரு மனிதர் தன் கைக்காசைப் பணயம் வைத்துச் சொல்கிறார்.

நிரல் எழுதும் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு பிழை வரும் இடத்தை எழுதும்போது நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாததன் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேனா, இல்லை எதையாவது போட்டு மூடிவிட்டேனா? சிதைந்ததா, மறைந்ததா, முடியாததா என்று காரணத்தைப் பிரித்துச் சொல்கிறேனா? நான் ஊகித்துத் திருத்தியது எது என்று பின்னால் வருபவருக்குத் தெரியுமா? படிப்பவர் இதைப் பார்த்தவுடன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் புரியுமா? நாலுக்கும் விடை இருந்தால் அந்த மெசேஜை யார் மொழிபெயர்த்தாலும் நன்றாகவே இருக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் அது வெறும் கேள்விக்குறிதான்.